கப்பல் கம்பு

நடராஜா மாமா வாங்குப் பலகையின் மேல் ஏறிக் கூரைக் கம்பியில் வெட்டுக் குறட்டை வைத்த பிறகுதான், அவர் என்ன செய்யப் போகிறார் என்பது நிரஞ்சனிக்குப் புரிந்தது. அப்பாவுக்கு உடுத்துவதற்காக எடுத்து வந்த வெள்ளை வேட்டியைக் கட்டில் மேல் போட்டுவிட்டு ஓடிவந்து மாமாவின் காலைப் பிடித்தாள்.

“வெட்டாதீங்க மாமா. கொஞ்சம் நில்லுங்க.”

“பொணத்துக்கு நேரா மேல இப்பிடி ஒன்னு தொங்கக் கூடாது புள்ள. பெட்டி வந்திச்சின்னா ஆளுங்க குனிஞ்சி நிக்கவா?”

அவர் சொன்னதும் நியாயம்தான். காலையில் உயிர் பிரிந்த அப்பா லெட்சுமணனை முன்னறையான காம்பராவின் நடுவில் கிடத்தியிருந்தார்கள். அவருடைய நெற்றிக்கு நேர் மேலே, கை தூக்கினால் எட்டும் உயரத்தில், அந்தக் கம்பு நீண்டு கிடந்தது. முன்சுவரை ஒட்டித் தொடங்கி, பாதிச் சுவருக்கு மேலாகப் போய், அடுப்படிக் குசினிக்குள் முடிந்தது. ஆளின் முன்னங்கை பருமன், உள்ளே வெற்றுக் குழல். ஒரு காலத்தில் வெள்ளியாய் மின்னிய அலுமினியம், அடுப்புப் புகையில் பழுப்பேறிப் போயிருந்தது. இரண்டு முனைகளிலும் பறவை அலகு மாதிரிக் கொக்கி. கம்பு நேரடியாகக் கூரையில் தொங்கவில்லை. குழிவாகச் செதுக்கிய இரண்டு மரக்கட்டைகளில் படுத்திருந்தது. இரண்டு இடத்திலும் நீலக் கயிற்றால் கட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அந்தக் கட்டைகளைத்தான் அப்பா தடித்த கம்பி போட்டுக் கூரை மரத்தில் மாட்டியிருந்தார். தோட்டத்து வீட்டு வரிசையான அந்த லயத்தில் எல்லாரும் அதைக் கப்பல் கம்பு என்றார்கள்.

“எறக்குங்க, வேணாங்கல,” என்றாள் நிரஞ்சனி. “ஆனா அந்த நீலக் கயித்த யாரும் தொடக் கூடாது. மேல இருக்கிற கம்பிய மட்டும் வெட்டுங்க. ரெண்டு முனையிலயும் ஆள் புடிச்சிக்கிட்டு, கட்டையோட சேத்து எறக்கணும்.”

மாமா தன் அக்காவின் பக்கம் திரும்பினார். நிரஞ்சனியின் அம்மா நல்லம்மா கணவரின் தலைமாட்டில் பாயில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அவள் அழவில்லை. அழுத பெண்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கியபோதும் உடம்பைக் கொடுத்துவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்ய என்று தம்பி கேட்டதற்கு, செய்வதைச் செய்யுங்கள் என்றாள். மேலே பார்க்கவில்லை.

நிரஞ்சனியின் கணவன் மகேஸ்வரன் குசினிப் பக்க முனையைத் தாங்கிக்கொண்டான். பக்கத்து லயத்திலிருந்து வந்தவர்கள் முன்பக்கம் பிடித்தார்கள். கம்பியை வெட்டியதும் கம்பு ஒருபக்கம் சரிந்தது. சரிந்தபோது அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. நீண்ட நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை யாரோ விடுவது போல, ஆழத்திலிருந்து வந்து மெல்லத் தேய்ந்தது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். வெளியே தப்பு அடிக்கிறவர்கள் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்த சடசடப்பு மட்டும் கேட்டது.

“உள்ளுக்குக் காத்து,” என்றான் மகேஸ்வரன், எல்லாருக்கும் கேட்கும்படி.

ஆனாலும் தூக்கிப் போகும்போது பெண்கள் புடவையை ஒதுக்கிக்கொண்டு வழிவிட்டார்கள். லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடும் கானோரம், மிளகுக் கொடி ஏறிய முருங்கை மரங்களுக்குக் கீழே அதைக் கொண்டுபோய் வைத்தார்கள். நிரஞ்சனி கூடவே போய், கட்டைகள் இரண்டும் சமமாகத் தரையில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பார்த்தாள். நீல முடிச்சுகள் அப்படியே இருந்தன. அதன் பிறகுதான் அப்பாவுக்கு வேட்டி உடுத்தப் போனாள்.

*

யோகேந்திரன் நிரஞ்சனிக்கு நேர் இளைய தம்பி. ரத்தோட்டைக்கு மேலே இந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கடலைப் பாடப் புத்தகத்திலும் அப்பாவின் பேச்சிலும் மட்டும் பார்த்தவன். லெட்சுமணன் லொறிக்காரர். மலை மரக்கறியைத் தம்புள்ளைச் சந்தையில் இறக்கிவிட்டு, சில நாட்களில் அங்கிருந்து திருகோணமலைக்கும் ஏற்றிப் போவார். ஒரு பள்ளி விடுமுறையில் மகனைக் கூட்டிப் போனார். திரும்பி வந்தவன் ஒரு வாரம் வேறு எதையும் பேசவில்லை. வளர்ந்ததும் அங்கேயே போய், கடற்கரை ஹோட்டல் ஒன்றில், திமிங்கிலம் காட்ட ஆட்களை ஏற்றிப் போகும் படகில் உதவியாளாகச் சேர்ந்தான்.

அந்த ஊர்க் குடாவில்தான் மார்த்தா என்ற வெள்ளைக்கார அம்மா தன்னுடைய பாய்மரப் படகை நங்கூரமிட்டிருந்தாள். அறுபது தாண்டியவள். புருஷன் செத்த பிறகும் படகை விற்காமல் அதிலேயே குடியிருந்தாள். தனியாகப் பாயிழுக்க முடியாததால் யோகேந்திரனை வேலைக்கு வைத்துக்கொண்டாள். அவன் இரண்டு பருவம் அவளோடு ஓடினான். இந்தியாவுக்கும் அந்தமானுக்கும் போய் வந்தான். ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டுப் படகு முழுவதையும் வீட்டுக்குக் காட்டினான். அடுப்பைக் காட்டினான், படுக்கையைக் காட்டினான், மேலே வந்து தளத்தின் ஓரத்தில் படுத்திருந்த நீளக் கம்பைக் காட்டினான். தேங்காய் பறிக்கிற கம்பா அது என்று நல்லம்மா கேட்டாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பின்காற்றில் போகும்போது முன்பாய் மடங்கிவிடாமல் விரித்துப் பிடிக்க அந்தக் கம்புதான் வேண்டும் என்றான். வேலை முடிந்ததும் இந்தக் கட்டைகளில் படுக்க வைத்து இரண்டு இடத்திலும் கட்டிவிட வேண்டும். சும்மா விட்டால் ஓர் அலையில் உருண்டு ஆளையே கடலில் தள்ளிவிடும். இதைப் பெருமையாகத்தான் சொன்னான்.

கடைசியாக அவன் வீட்டுக்கு வந்தது ஒரு தீபாவளிக்கு. அப்போது காம்பராவுக்குள் படுக்க மாட்டேன் என்று வெளித் திண்ணையான இஸ்தோப்பில் சாக்கு விரித்துப் படுத்தான். “ஆடாத தரையில தூக்கம் வர மாட்டேங்குதுக்கா,” என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனாலும் அந்த வாக்கியத்தை நிரஞ்சனி பின்னால் எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்து, அதில் எதுவும் அகப்படாமல் திரும்ப வைத்திருக்கிறாள்.

அடுத்த தை மாதத்தில் படகு மாலைதீவுக்குப் புறப்பட்டது. தெற்கு முனையைச் சுற்றி மேற்கே திரும்பிய பிறகு ஒரு விடியற்காலையில் அவன் காணாமல் போனான். மார்த்தா அந்தப் பகல் முழுவதும் தேடினாள். பிறகு கடற்படை தேடியது. படகு காலித் துறைமுகத்துக்குத் திரும்பியது. அவன் திரும்பவில்லை. பாய்வேலை செய்யும்போது நடந்த விபத்து என்று எழுதி முடித்தார்கள். கம்பு அடித்துக் கடலில் விழுந்துவிட்டான் என்று தோட்டத்தில் சொன்னார்கள்.

லெட்சுமணன் முதலாளியின் லொறியைக் கேட்டு வாங்கிக்கொண்டு காலிக்குப் போனார். மகனின் உடுப்புப் பையோடு வருவார் என்று வீட்டில் காத்திருந்தார்கள். பையும் வந்தது. அதோடு வெற்று மரக்கறிப் பெட்டிகளுக்கு மேலே, லொறியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு, இந்தக் கம்பும் வந்தது. ரோட்டிலிருந்து லயம் வரைக்கும் அவரும் மகேஸ்வரனும் தோளில் தூக்கி வந்தார்கள். பார்த்தவர்கள் பேச்சை நிறுத்தி ஒதுங்கி நின்றார்கள். அது போன விதம் பாடை போவது மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னார்கள்.

மகனைக் கொன்ற சாமானை வீட்டுக்குள் ஏற்றாதீர்கள் என்று நல்லம்மா வாசலில் நின்று மறித்தாள். லெட்சுமணன் வெளியிலேயே நின்றார். தோளில் கம்போடு நின்றார். இருட்டத் தொடங்கியதும் அவளே விலகிக்கொண்டாள்.

அன்றிலிருந்து எட்டு வருஷம் அது அந்தக் கூரையில் கிடந்தது. நல்லம்மா அதைத் தொட்டதில்லை. லெட்சுமணன் வாரத்துக்கு ஒரு தடவை வாங்கின் மேல் ஏறித் தூசு தட்டுவார், கம்பிகளை இழுத்துப் பார்ப்பார், முடிச்சுகளைப் பார்ப்பார். ஆடி மாதக் காற்று மலையிலிருந்து இறங்கும்போது ஓட்டிடுக்கு வழியாகப் புகுந்து குழலின் முனையில் ஊதும். ஒரு தாழ்ந்த ஓலம் எழும்பும், நிற்கும், மறுபடி எழும்பும். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அழுவார்கள். லெட்சுமணன் அந்தச் சத்தம் வந்தால் செய்கிற வேலையை நிறுத்திவிட்டு, யாரோ தம்மிடம் பேசுவதைக் கேட்கிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். நல்லம்மா குசினிக்குப் போய்ப் பாத்திரங்களை ஓசைப்படக் கழுவுவாள்.

மகனுக்குக் கருமாதி செய்யவும் அவர் விடவில்லை. உடம்பு இல்லாமல் எதற்குச் சடங்கு என்றார். சுவரில் அவன் படம் இருந்தது, மாலை இல்லை. நடராஜா மாமா இரண்டு மூன்று தடவை வந்து பேசிப் பார்த்தார். வழி காட்டாவிட்டால் அந்த உயிர் வீட்டைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும் என்றார். சுற்றட்டும் என்றார் லெட்சுமணன்.

*

இதெல்லாம் நிரஞ்சனிக்குத் தெரிந்த கதை. தெரியாதது ஒன்று இருந்தது. அதை அப்பா போன வாரம்தான் சொன்னார்.

நுரையீரல் சுருங்கிப்போய், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மாத்தளை ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நிரஞ்சனி டவுனில் வேலை செய்கிற வாசனைச் சரக்குக் கடையில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அன்று நண்பகல். நல்லம்மா தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போயிருந்தாள். நிரஞ்சனி கஞ்சியை ஆற்றிக் கரண்டியால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா வாயை மூடிக்கொண்டு மேலே பார்த்தார்.

“அந்தக் கட்டு யாரு கட்டுனது தெரியுமா?”

அவர்தான் கட்டினார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவர் தலையை ஆட்டினார். பிறகு மூச்சு வாங்கி வாங்கி, நிறுத்தி நிறுத்தி, அந்த நாளைச் சொன்னார்.

காலியில் அவர் படகில் ஏறினார். மார்த்தாவுக்கு ஆங்கிலம், அவருக்கு இல்லை. துறைமுகத்துப் பையன் ஒருவன் ஆங்கிலத்தைச் சிங்களமாக்கினான். எப்படி விழுந்தான் என்று காட்டு என்று கேட்டார். அவள் அழுதுகொண்டே முன்தளத்துக்குக் கூட்டிப் போனாள். அன்று விடியும் நேரத்தில் காற்று ஏறியது. பாயைச் சுருட்டிவிட்டுக் கம்பை எடுத்து வை என்று அவள்தான் சொன்னாள். அவள் சுக்கானில் இருந்தாள். அவன் முன்னால் போனான். பாய் சுருண்டதைப் பார்த்தாள். கம்பு இறங்கியதைப் பார்த்தாள். அதன் பிறகு திசைகாட்டியைப் பார்க்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது முன்தளம் வெறுமையாக இருந்தது. தளத்து முன்திறப்பு வழியாகக் கீழே அறைக்குள் இறங்கியிருப்பான், தேநீர் போடுவான் என்று நினைத்தாள். கொஞ்சம் பொறுத்துத்தான் கூப்பிட்டாள்.

“கம்பு எங்க இருந்திச்சின்னு கேட்டேன்,” என்றார் அப்பா. “இங்கதான்னா. இந்த மாதிரித்தான்னா. கட்டையில படுத்திருந்திச்சி புள்ள. ரெண்டு பக்கமும் கட்டியிருந்திச்சி. அவன் வேலைய முடிச்சிட்டான்.”

நிரஞ்சனி கரண்டியைக் கஞ்சிக் கிண்ணத்தில் திரும்ப வைத்தாள்.

கடலில் வேலை செய்யும்போது இடுப்பில் மாட்டிப் படகோடு கொளுவிக்கொள்ளும் வார் ஒன்று இருந்ததாம். அதுவும் சுருட்டி, கம்புக்குப் பக்கத்தில் வைத்திருந்ததாம். வேலை முடிந்தது என்று கழற்றினானோ என்னவோ என்றார். பொலிஸிலும் அவள் இதையெல்லாம் சொன்னாளாம். எழுதியவர்கள் சுருக்கி எழுதிக்கொண்டார்கள்.

அவருக்கு அந்த முடிச்சுகளை அவிழ்க்க மனம் வரவில்லை. கட்டைகளைத் தளத்தோடு பிடித்திருந்த திருகுகளைக் கழற்றித் தரச் சொன்னார். மார்த்தா தானே முழங்காலில் உட்கார்ந்து ஒவ்வொரு திருகாகக் கழற்றினாள். அவன் கட்டிய கட்டு குலையாமல், அப்படியே முழுசாகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஏன் இத்தனை வருஷமாக யாருக்கும் சொல்லவில்லை என்று அவள் கேட்டாள்.

“அடிச்சி விழுந்தான்னா, கேக்கிறவன் ஐயோன்னுட்டுப் போயிருவான். கட்டி முடிச்சிட்டுக் காணாமப் போனான்னா, ஏன்னு கேப்பான்.” கொஞ்ச நேரம் மூச்சுக்காகக் காத்திருந்தார். “அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அம்மாகிட்ட சொல்லிறாத.”

வாசலில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. அவர் வாயைத் திறந்தார். அவள் அடுத்த கரண்டிக் கஞ்சியை ஊட்டினாள்.

*

நண்பகல் கடந்து பெட்டி வந்தது. சடங்கு செய்ய வந்த பெரியவர் கோயில் பக்கத்து லயத்துக்காரர், ஊருக்குப் புதியவர். மண்குடத்தையும் வாய்க்கரிசியையும் ஒழுங்கு செய்துகொண்டே, குடம் தூக்க மகன் யார் என்று கேட்டார்.

தறப்பாள் பந்தலுக்குக் கீழே நின்ற ஆண்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டார்கள். நடராஜா மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“ஆம்பளப் புள்ள இருக்காங்களாம்மா?” என்று பெரியவர் நேராக நல்லம்மாவிடமே கேட்டுவிட்டார்.

“ஒருத்தன்,” என்றாள் நல்லம்மா.

“எங்க, வரச் சொல்லுங்க.”

“அவன் வரல,” என்றாள்.

அன்றைக்கு அவள் கூட்டத்துக்குக் கேட்கப் பேசியது அவ்வளவுதான். வேலைக்குப் போன பிள்ளைக்கு பஸ் கிடைக்கவில்லை என்று சொல்கிற குரல். மாமா பெரியவரின் காதில் குனிந்து ஏதோ சொன்னார். பெரியவர் தலையைத் தாழ்த்திக்கொண்டு, மருமகனை வரச் சொன்னார். மகேஸ்வரன் ஈர வேட்டியோடு வந்து குடத்தைத் தோளில் வாங்கினான். அவன் சுற்றி வரும்போது, பெரியவர் குடத்தில் ஒவ்வொரு துளையாகப் போட, தண்ணீர் பீச்சி அவன் முதுகில் வழிந்தது. நிரஞ்சனி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடி போடுவதற்கு முன் நல்லம்மாவைக் கூட்டி வந்தார்கள். அவள் கணவரின் கன்னத்தைத் தொட்டாள். உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று பக்கத்தில் நின்ற மகளுக்கும் கேட்கவில்லை. பிறகு தப்பு ஓங்கியது. வெள்ளைக் கொடி கட்டிய பாதையில் பெட்டி இறங்கி, கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி, றப்பர் மலைக்கு அந்தப் பக்கமிருக்கும் புதைகாட்டுக்கு ஏறியது. பெண்கள் முச்சந்தி வரைக்கும் போய்த் திரும்பினார்கள்.

திரும்பி வந்தவர்கள் வீடு கழுவினார்கள். நிரஞ்சனி முன்காம்பராவுக்குத் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளினாள். தலைக்கு மேலே பழக்கமான ஒன்று இல்லாதது அவளுக்கு ஒவ்வொரு முறை நிமிரும்போதும் தட்டுப்பட்டது. கூரை திடீரென்று உயரமாகிவிட்டது. அம்மாவைத் தேடியபோது பீலியடியில் இல்லை, பக்கத்து வீட்டிலும் இல்லை.

நல்லம்மா லயத்துக்குப் பின்னால், கானோரத்தில், ஈரப் புடவையோடு கம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நிரஞ்சனி போய் எதிர்ப்பக்கம் குந்தினாள். தூரத்தில் தப்புச் சத்தம் மலைக்கு அப்பால் போய்விட்டு, காற்று மாறும்போது மட்டும் வந்தது. வீட்டுக்கு வரச் சொல்லி மகள் கூப்பிட்டாள். தாய் கேட்காத மாதிரி, ஒரு முடிச்சின் மேல் விரலை வைத்தாள். எட்டு வருஷத்தில் அவள் அதைத் தொட்டு நிரஞ்சனி பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“இது யோகேந்திரன் கட்டுனது,” என்றாள் நல்லம்மா.

அப்பா சொன்னாரா என்று நிரஞ்சனி கேட்டாள்.

“அவரு ஏன் சொல்லப் போறாரு. எனக்குக் கண்ணு இல்லயா? வெறகுக் கட்டு கட்டும்போதும் இப்பிடித்தான். ரெண்டு சுத்து சுத்தி, நுனிய உள்ள சொருகிட்டு, பெருவெரலால ஒரு அமுக்கு அமுக்குவான். எத்தன வருஷமா அதுக்குக் கீழ படுத்திருக்கேன். மல்லாக்கப் படுத்தா அதுதானே தெரியும்.”

காற்று கொடியிலைகளைப் புரட்டிவிட்டுப் போனது. கம்பின் முனையில் மெல்ல ஒரு சத்தம் எழுந்து, ஓலமாகுமுன் அடங்கியது. நல்லம்மா அது அடங்கும்வரை பொறுத்தாள்.

“அடிபட்டு விழுந்தவன் எப்பிடிப் புள்ள கட்டிட்டு விழுவான்?”

நிரஞ்சனி வாயைத் திறந்தாள். அப்பா கேட்ட வாக்கு அங்கே நின்றது. ஆனால் மறைக்க இனி எதுவும் இல்லை என்பதும் தெரிந்தது. “அவன் கால் வழுக்கியிருக்கும்மா,” என்றாள். அது தன் காதுக்கே கடையில் சரக்கை விற்கிறவள் பேச்சு மாதிரிக் கேட்டது.

“இருக்கும்,” என்றாள் தாய்.

முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தனக்குத் தானே சொல்வது போலத் தொடங்கினாள். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வாரமும் ஏறி ஏறிப் பார்ப்பார், நான் அடுப்படியில் திரும்பிக்கொள்வேன். காற்று வந்தால் அவர் காது கொடுப்பார், நான் சட்டி தேய்ப்பேன். ஒருவருக்கும் மற்றவரிடம் வாய் வரவில்லை.

“ஒரு தடவ கேட்டிருக்கலாமேம்மா.”

“கேட்டா அவரு சொல்லணும். அவரு சொல்லிட்டா, பெறகு ரெண்டு பேருக்கும் வேற என்ன பேச்சு இருக்கு இந்த வீட்டுல?”

அப்போதும் அவள் அழவில்லை. குனிந்து, நகத்தால் முடிச்சின் நுனியைத் தேடினாள். நிரஞ்சனி அனிச்சையாகக் கையை நீட்டித் தடுக்கப் போனாள். காலையில் மாமாவைத் தடுத்த அதே கை. பாதியில் நின்றுவிட்டது. இத்தனை காலம் அவர்கள் இருவரும், கடைசியில் அவளும், காவல் காத்தது இதைத்தான். இனி யாருக்காக என்று அவளுக்கும் தெரியவில்லை.

முதல் முடிச்சு எதிர்பார்த்ததைவிட எளிதாக இளகியது. சொருகியிருந்த நுனி வெளியே வந்ததும் சுற்றுகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தளர்ந்தன. கயிற்றின் வெளிப்புறம் புகையில் கறுத்திருந்தது. மடிந்து கிடந்த உட்புறம் நேற்று வாங்கியது போல நீலமாக இருந்தது. நல்லம்மா அந்த நீலத்தைப் பெருவிரலால் தடவினாள்.

இரண்டாவது முடிச்சு குசினிப் பக்கத்தது. வருஷக்கணக்கான அடுப்புப் புகை ஏறிக் கல்லாகியிருந்தது. நகம் மடங்கியது. அவள் கையை உதறிவிட்டு மறுபடி முயன்றாள். கத்தி கொண்டு வரட்டுமா என்று மகள் கேட்டாள்.

“வெட்டக் கூடாது,” என்றாள் நல்லம்மா.

கம்பின் மேல் கவிழ்ந்து முடிச்சில் பல்லை வைத்தாள். கூந்தல் அவிழ்ந்து முகத்தை மறைத்தது. மீனவக் குடிசைகளில் வலை பின்னுகிற பெண்கள் அப்படிச் செய்வதை நிரஞ்சனி ஒரு தடவை திருகோணமலையில் பார்த்திருக்கிறாள். தன் தாய் அப்படி எதையும் கடித்து அவள் பார்த்ததில்லை. தாடை இறுகியது, தோள் நடுங்கியது. தலையை ஒருபக்கம் திருப்பி இழுத்தாள். கயிறு ஒரு சின்ன முனகலோடு இடம் கொடுத்தது. நுனி வெளியே வந்தது. கட்டையில் கிடந்த கம்பு கொஞ்சம் அசைந்து, தன் பாட்டில் கால்வாசி உருண்டு நின்றது.

நல்லம்மா நிமிர்ந்தாள். உதட்டில் கரியும் நீல நூலும் ஒட்டியிருந்தன. நாக்கை மெல்ல வெளியே விட்டு உதட்டைத் தொட்டாள். தொட்டவள் அப்படியே அசையாமல் இருந்தாள்.

“இன்னமும் உப்புக் கரிக்குது,” என்றாள்.

நிரஞ்சனிக்கு அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து பீலிக்குப் போய், செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். வாயைக் கொப்பளிக்கச் சொல்லித் தாயின் கைக்கருகில் வைத்தாள். நல்லம்மா செம்பைப் பார்த்தாள். எடுக்கவில்லை. உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.

றப்பர் மரங்களுக்கிடையில் புதைகாட்டிலிருந்து ஆண்கள் இறங்கி வருவது தெரிந்தது. முன்னால் மகேஸ்வரன் வெறுந்தோளோடு வந்துகொண்டிருந்தான். அவர்கள் கால் கழுவ மஞ்சள் தண்ணீர் வைக்க வேண்டும் என்று யாரோ லயத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்கள். கோழி ஒன்று கானைத் தாண்டி வந்து, அங்குமிங்கும் பார்த்துவிட்டு, செம்புக்குள் தலையை விட்டுக் குடித்தது. நல்லம்மா அதை விரட்டவில்லை.